இன்டரப்ட் பேட்ச்சை ரிவியூ செய்வது எப்படி: இந்த வரியில் மணி அடித்தால்?

பேட்ச்சில், அதாவது ஒருவர் கோட்டில் செய்து அனுப்பும் மாற்றத்தில், மூன்று வரி இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். கமிட் செய்தியில் ‘சின்ன கிளீனப், செயல்பாட்டில் மாற்றம் இல்லை’ என்று இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் பார்த்துவிட்டு, சரி என்று தட்டிவிடுவோம். நானும் அப்படி ஒன்றைத் தட்டிவிட்டவன்தான்.

அது லினக்ஸில் ஓடும் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டின் டிரைவர். நாம் ஒரு கட்டளை அனுப்பினால் கார்டு அதற்கான பதிலை மெமரியில் எழுதிவிட்டு இன்டரப்ட் கொடுக்கும் (ஓடும் வேலையை நிறுத்தி என்னைக் கவனி என்று சிபியூவுக்கு மணி அடிப்பது), பதிலைப் பார்த்த பிறகுதான் அடுத்த கட்டளை போகும். அந்தப் பேட்ச் உள்ளே போன பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கார்டு அப்படியே நின்றுபோனது. கெர்னல் பதிவில் ஒரு வரி கிடையாது, கிராஷ் கிடையாது, பிராக் இன்டரப்ட்ஸ் கோப்பில் எங்கள் எண்ணிக்கை மட்டும் ஏறாமல் நின்றிருக்கும். ஒரு வாரம் ஹார்ட்வேர் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். தப்பு எங்களுடையது.

பழைய ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) மூன்று வேலை செய்தது: ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்தது, படித்த பிட்டுகளையே திருப்பி எழுதி அழித்தது (1 எழுதினால் 0 ஆகிவிடும் வகை ரெஜிஸ்டர்), அப்புறம் பதில் வரிசையில் இருந்ததையெல்லாம் காலியாகும் வரை எடுத்தது. புதிய பேட்ச் இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றியது. சாப்பிட்டு முடித்த பிறகுதானே இலையை எடுக்க வேண்டும், அதுபோலத்தான் என்று எழுதியவர் நினைத்திருக்கிறார், எனக்கும் அன்றைக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் இலையை எடுக்கும் அதே நொடியில் ஒருவர் வந்து வடை போட்டால்? வடையும் இலையோடு போய்விடும். நடந்தது அதேதான். வரிசை காலி என்று ஹேண்ட்லர் பார்த்து முடித்தது. அதற்கும் பிட்டை அழிக்கும் வரிக்கும் நடுவில் கார்டு ஒரு புதிய பதிலை எழுதி, ஏற்கெனவே 1 ஆக இருந்த பிட்டை மறுபடி 1 ஆக்கியது. அந்த 1-ஐ நாம் அழித்துவிட்டோம். பிட் 0-இலிருந்து 1-க்கு மாறினால்தான் கார்டு புதிய இன்டரப்ட் அனுப்பும், ஆகவே அது வரவே இல்லை. பதில் கொடுத்தாயிற்று, அடுத்த கட்டளை வரட்டும் என்று கார்டு காத்திருக்கிறது. பதில் வரட்டும் என்று டிரைவர் காத்திருக்கிறது.

அதற்குப் பிறகு இந்த மாதிரிப் பேட்ச்சுகளை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. மாறிய ஒவ்வொரு வரியிலும், அதற்கு முந்தைய பிந்தைய வரிகளிலும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: இந்த இடத்தில் இப்போது மணி அடித்தால், அதாவது இன்டரப்ட் வந்தால், என்ன ஆகும்? கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியை எங்கெங்கே கேட்பது என்பதுதான். லினக்ஸ் டிரைவரை வைத்துச் சொல்கிறேன், நான் தினமும் புழங்குவது அதில்தான்.

டிஃப்பைத் திறப்பதற்கு முன்

முதலில் டேட்டாஷீட். முழுவதும் வேண்டாம், இன்டரப்ட் பகுதியில் நாலு பக்கம் போதும். அதில் தெரிந்துகொள்ள வேண்டியவை: இன்டரப்ட் லெவலா (லைன் நிற்கும் வரை அடிப்பது) எட்ஜா (லைன் மாறும் கணத்தில் மட்டும் அடிப்பது)? ஸ்டேட்டஸ் பிட் எப்படி அழிகிறது, 1 எழுதினாலா, 0 எழுதினாலா, படித்தாலே அழிந்துவிடுமா? அந்த பிட் ‘ஒன்று நடந்தது’ என்று நினைவில் வைத்திருக்கும் பிட்டா, அல்லது ‘இப்போது இப்படி இருக்கிறது’ என்று மட்டும் காட்டும் பிட்டா? கடைசிக் கேள்வியைப் பலர் தவறவிடுகிறார்கள். மேலே சொன்ன ‘முதலில் அழி, பிறகு வேலை செய்’ என்பது முதல் வகைக்குத்தான் பொருந்தும். ஃபிஃபோவில் (சாதனத்தின் டேட்டா வரிசையில்) டேட்டா இருக்கும் வரை 1 ஆகவே இருக்கும் பிட் என்றால், ஃபிஃபோவைக் காலி செய்யாமல் அதை அழித்துப் பயனில்லை, அடுத்த கணமே திரும்ப வந்து நிற்கும். அதனால் ‘எப்போதும் முதலில் அழி’ என்று விதியை மனப்பாடம் செய்துகொண்டு ரிவியூவில் போய் நிற்காதீர்கள், நான் ஒரு முறை நின்று, டேட்டாஷீட்டின் பக்க எண்ணோடு பதில் வாங்கியிருக்கிறேன்.

படித்தாலே அழியும் ரெஜிஸ்டர் என்றால் இன்னொரு கவலையும் உண்டு. யாராவது டீபக்குக்காக எல்லா ரெஜிஸ்டரையும் படித்துக் காட்டும் ஒரு வசதியைச் சேர்த்திருப்பார்கள். அதை யாரோ ஓட்டும்போதெல்லாம் இன்டரப்ட் ஒன்று காணாமல் போகும். பேட்ச் இன்டரப்ட்டைத் தொடவே இல்லை என்று தோன்றும், ஆனால் தொட்டிருக்கிறது.

அடுத்து, டிஃப்பை (மாறிய வரிகளைக் காட்டும் பட்டியலை) மட்டும் படிக்காதீர்கள். மூன்று வரி மேலே மூன்று வரி கீழே என்று கிட் காட்டுவது இந்த வேலைக்குப் போதாது. கிட் டிஃப்பில் பெரிய டபிள்யூ ஆப்ஷன் கொடுத்தால் மாறிய ஃபங்ஷன் முழுவதும் வரும், அதுதான் குறைந்தபட்சம். என் வழக்கம், பேட்ச்சைப் போட்டுவிட்டு முழுக் கோப்பையும் திறந்துவைத்துக்கொண்டு, ஹேண்ட்லர் தொடும் ஒவ்வொரு மாறியையும் தேடி, அதை வேறு யாரெல்லாம் தொடுகிறார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதுவது. காகிதம்தான், டாக்குமென்ட் எல்லாம் வேண்டாம். ஹார்ட் இன்டரப்ட், த்ரெட், சாஃப்ட் ஐஆர்க்யூ, வொர்க் க்யூ (இரண்டும் பிறகு செய்யத் தள்ளிவைத்த வேலைகள்), யூசர் பக்கத்திலிருந்து டிரைவருக்கு வரும் ஐஆக்டில் அழைப்பு என்று ஐந்து கட்டம் போட்டு, எந்த மாறி எந்தக் கட்டத்தில் வருகிறது என்று குறிக்கிறேன். ஒரே மாறி இரண்டு கட்டத்தில் வந்தால் அங்கே ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் தொடவிடும் பூட்டு) இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் இல்லை என்று ஒரு காரணம் இருக்க வேண்டும்.

மாறி என்றால் சி மாறி மட்டும் இல்லை. எந்த இன்டரப்ட்டை அடைப்பது என்று சொல்லும், சாதனத்தின் மாஸ்க் ரெஜிஸ்டரும் ஒரு மாறிதான். ஹேண்ட்லர் அதைப் படித்து ஒரு பிட்டை மாற்றித் திருப்பி எழுதுகிறது, ஐஆக்டிலும் அதையே செய்கிறது, நடுவில் லாக் இல்லை. ஐஆக்டில் படித்த பிறகு, எழுதுவதற்கு முன் மணி அடித்தால்? ஹேண்ட்லர் செய்த மாற்றத்தை ஐஆக்டில் பழைய மதிப்பால் மூடிவிடும். லாக்குகளைச் சோதிக்கும் லாக்டெப் போன்ற கருவிகள் இதைக் கண்டுபிடிக்காது, அவற்றுக்கு உங்கள் ரெஜிஸ்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

லாக் மாற்றங்கள்

ஹேண்ட்லரில் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் (லாக்கோடு அந்த சிபியூவின் இன்டரப்ட்டையும் அடைப்பது) இருந்ததை வெறும் ஸ்பின்_லாக் (இன்டரப்ட்டை அடைக்காதது) ஆக மாற்றும் பேட்ச்சுகள் அடிக்கடி வரும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 2.6.35 கெர்னலிலிருந்து ஹார்ட் இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் அந்த சிபியூவில் இன்டரப்ட்டை அடைத்துவைத்துத்தான் ஓடுகின்றன. நாம் பார்க்க வேண்டியது மறுபக்கத்தை. அதே லாக்கை ஐஆக்டில் பக்கம் எப்படி எடுக்கிறது? அங்கேயும் வெறும் ஸ்பின்_லாக் என்றால், லாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் அதே சிபியூவில் இன்டரப்ட் வந்து, ஹேண்ட்லர் அந்த லாக்குக்காகச் சுற்றும்; லாக்கை விட வேண்டியவன் அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறான், அவன் எழுந்திருக்கவே முடியாது. அந்த சிபியூ அத்தோடு சரி.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது ஹார்ட் ஹேண்ட்லரை (இன்டரப்ட் வந்ததும் உடனே ஓடுவது) த்ரெட் ஹேண்ட்லராக (எழுப்பிவிட்ட பிறகு தனி த்ரெட்டில் ஓடுவது) மாற்றும் பேட்ச். 2009-இல் 2.6.30-இல் த்ரெட் வசதி வந்ததிலிருந்து எல்லோருக்கும் அதன் மேல் ஒரு ஆசை, நல்ல ஆசைதான். ஆனால் ஹார்ட் ஹேண்ட்லராக இருந்தபோது இன்டரப்ட் அடைபட்டிருந்ததால் இலவசமாகக் கிடைத்த பாதுகாப்பு த்ரெட்டில் கிடையாது. டைமரோடு பகிரும் லாக்கை அங்கே வெறும் ஸ்பின்_லாக்கால் எடுத்தால், அந்தச் சிபியூவிலேயே டைமர் வந்து அதே லாக்கைக் கேட்கும். ஆகவே ஹேண்ட்லர் உடலில் ஒரு வரிகூட மாறாவிட்டாலும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு லாக்கையும் மறுபடி பார்க்க வேண்டும்.

தலைகீழ் மாற்றமும் வரும், த்ரெட்டிலிருந்து ஹார்டுக்கு, ‘லேட்டன்ஸி குறைகிறது’ என்று. அப்போது தேட வேண்டியது தூங்கக்கூடியவற்றை: மியூடெக்ஸ், ஜிஎஃப்பி_கெர்னல் கொடுத்துக் கேட்கும் மெமரி, ஐ2சி அல்லது எஸ்பிஐ வழியாகப் பேசுவது, கிளாக்கின் பிரிப்பேர். நேரடியாக எழுதியிருந்தால் கண்ணில் படும். மூன்று ஃபங்ஷன் ஆழத்தில் ஒளிந்திருக்கும்போதுதான் சிக்கல், அதுவும் பிழை வந்தால் மட்டும் போகும் கிளையில் இருந்தால் டெஸ்ட்டில் வரவே வராது. அதனால் ஹேண்ட்லர் கூப்பிடும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளும் போய்ப் பாருங்கள், சலிப்பான வேலைதான்.

ஹேண்ட்லரின் உள்ளே

முதலில் திருப்பி அனுப்பும் மதிப்பு. ‘எப்படி இருந்தாலும் ஐஆர்க்யூ_ஹேண்டில்ட் அனுப்பிவிடலாம்’ என்று ஒரு பேட்ச் வந்தால் நிறுத்திக் கேளுங்கள். இன்டரப்ட் நம்முடையதா என்று பார்த்து, இல்லையென்றால் ஐஆர்க்யூ_நன் அனுப்புவதுதான் கெர்னலுக்கு இருக்கும் ஒரே தற்காப்பு. கடைசி 1,00,000 இன்டரப்ட்டில் 99,900-க்கு மேல் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை என்றால் கெர்னல் ‘நோபடி கேர்ட்’ என்று புலம்பிவிட்டு அந்த லைனையே மூடிவிடும். பொய்யாக ஹேண்டில்ட் அனுப்பினால் அந்தக் காவல் வேலை செய்யாது, லைன் மாட்டிக்கொண்டால் மெஷின் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு கிடக்கும். நேர்மாறான தப்பும் உண்டு: வேலையைச் செய்துவிட்டு நன் அனுப்புவது. லைனைப் பகிரும் பக்கத்து வீட்டு டிரைவரும் சேர்ந்து அடிவாங்கும்.

அடுத்து, ரெஜிஸ்டர் படித்தால் எல்லா பிட்டும் 1 ஆக வந்தால்? பிசிஐ கார்டு கழன்றுபோனாலோ லிங்க் செத்தாலோ அப்படித்தான் வரும். ‘ஸ்டேட்டஸ் 0 ஆகும் வரை சுற்று’ என்று ஒரு வொய்ல் லூப் இருந்தால் அது அங்கேயே தங்கிவிடும். பேட்ச்சில் புதிதாக வொய்ல் லூப் வந்திருந்தால் அதற்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள், எல்லா பிட்டும் 1 என்பதைத் தனியாகச் சோதிக்கிறதா என்றும் பாருங்கள்.

என் கதைக்குத் திரும்பி வந்தால், பழைய வரிசைக்கே மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். ஆகவில்லை. வாரத்துக்கு ஒரு முறை நிற்பதாக மாறியது. பிசிஐ பஸ்ஸில் நாம் எழுதுவது தபாலில் போடுவது மாதிரி, போட்டவுடன் நாம் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம், கடிதம் அப்புறம்தான் போய்ச் சேரும். பிட்டை அழிக்கும் எழுத்து இன்னும் வழியில் இருக்கிறது. நாம் மெமரியில் வரிசையைப் பார்க்கிறோம், காலி. அதற்குள் கார்டு புதிய பதில் எழுதி, ஏற்கெனவே 1 ஆக இருக்கும் பிட்டை 1 ஆக்குகிறது. அப்புறம் நம் கடிதம் போய்ச் சேர்ந்து அதை அழிக்கிறது. அதே வடை, அதே இலை. அழித்த உடனே அதே சாதனத்திலிருந்து ஒரு ரெஜிஸ்டரைப் படித்தால், அந்தப் படிப்பு முன்னால் போன எழுத்தைத் தள்ளிக்கொண்டுதான் போகும், அதற்குப் பிறகு வரிசையைப் பார்ப்பது பாதுகாப்பு. ஆகவே ‘இந்தப் படிப்பின் மதிப்பை யாரும் பயன்படுத்தவில்லை, நீக்கிவிட்டேன்’ என்று ஒரு பேட்ச் வந்தால் சந்தேகப்படுங்கள். அந்த வரிக்கு மேல் ஒரு கமென்ட் இல்லாததும் ஒரு குறைதான், ரிவியூவில் அதையும் எழுதச் சொல்லுங்கள். லெவல் லைன் என்றால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: அழிப்பு போய்ச் சேருவதற்குள் ஹேண்ட்லர் முடிந்துவிட்டால், லைன் இன்னும் நிற்பதைப் பார்த்து கெர்னல் மறுபடி கூப்பிடும், வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

ரெஜிஸ்டரைப் படிக்கும் ரீட்எல்லை ரிலாக்ஸ்ட் வகைக்கு மாற்றும் பேட்ச்சுகளும் இதே குடும்பம். சாதாரண ரீட்எல், ‘வேலை முடிந்தது’ என்று ரெஜிஸ்டரில் பார்த்த பிறகுதான் டிஎம்ஏ டேட்டாவை (சாதனமே நேராக மெமரியில் எழுதியதை) சிபியூ படிக்கும் என்று உறுதி தருகிறது. ரிலாக்ஸ்ட் அந்த உறுதியைத் தராது. எக்ஸ்86-இல் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘எனக்கு ஓடுகிறதே’ என்பார்கள். ஆர்ம் போர்டில் ஓட்டியதா என்று கேளுங்கள்.

பிரிண்ட் விஷயம் சின்னது, ஆனால் விட மனம் வரவில்லை. ஹேண்ட்லரில் கட்டுப்பாடில்லாமல் ஒரு பிழைச் செய்தி வைத்தால், 1,15,200 பாட் சீரியல் கன்சோலில் 80 எழுத்து வெளியே போக கிட்டத்தட்ட 7 மில்லிசெகண்ட் ஆகும். பிழை புயலாக வந்தால் செய்தி அச்சடிப்பதே பிழையை விடப் பெரிய நோயாகிவிடும். ரேட்லிமிட் வகையைப் போடச் சொல்லுங்கள்.

பதிவு செய்யும் இடம்

ஹேண்ட்லரைப் பதிவு செய்யும் ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ திரும்பி வருவதற்கு முன்பேகூட ஹேண்ட்லர் ஓடத் தொடங்கலாம். ஆகவே அந்த வரிக்குக் கீழே இருக்கும் எதையும் ஹேண்ட்லர் தொடக் கூடாது. சாதனத்தைத் தொடங்கிவைக்கும் புரோப் ஃபங்ஷனில் அந்த வரியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். லாக், வரிசை, வொர்க் எல்லாம் கோட்டுக்கு மேலே தயாராகிவிட்டனவா? பூட்லோடர் சாதனத்தைப் பாதி எழுப்பிவைத்து, இன்டரப்ட் பிட்டையும் 1 ஆகவே விட்டுவைத்திருக்கலாம். அதனால் பதிவுக்கு முன் சாதனத்தில் எல்லாவற்றையும் மாஸ்க் செய்து, பழைய பிட்டுகளை அழித்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ தரும் எண்ணை அன்சைன்டு மாறியில் வாங்கி, 0-க்குக் கீழே இருக்கிறதா என்று சோதிக்கும் கோட் இன்னமும் வருகிறது. அந்தச் சோதனை ஒருபோதும் பலிக்காது. டிஃப்பில் சோதனை மட்டும்தான் தெரியும், மாறியின் வகை ஃபங்ஷனின் தலையில் இருக்கும், போய்ப் பாருங்கள்.

டிரிகர் வகையை டிரைவரிலேயே ஃபாலிங் எட்ஜ் என்று அடித்து எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். டிவைஸ் ட்ரீ (போர்டில் எது எப்படி இணைந்திருக்கிறது என்ற விவரம்) அதைச் சொல்வதற்காகவே இருக்கிறது. ஒரு போர்டில் லைனுக்கு நடுவில் இன்வெர்ட்டர் இருக்கும், அங்கே டிரைவரின் பிடிவாதம் உதவாது.

ஒன்ஷாட் கொடியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஐ2சி சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். லெவல் லைன், காரணத்தை அழிக்க ஐ2சியில் பேச வேண்டும், அதை த்ரெட்டில்தான் செய்ய முடியும். அதுவரை லைன் அடைபட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஹார்ட் பகுதி முடிந்து இன்டரப்ட் திறந்த அந்த நொடியே மறுபடி அடிக்கும், த்ரெட்டுக்கு மூச்சுவிட நேரமே கிடைக்காது. ஒன்ஷாட் அதற்குத்தான். ஹார்ட் ஹேண்ட்லர் இடத்தில் நல் கொடுத்து ஒன்ஷாட்டையும் மறந்தால் கெர்னலே பதிவு செய்ய மறுத்துவிடும். ஆனால் யாராவது அந்த மறுப்பைப் பார்த்துவிட்டு, ஐஆர்க்யூ_வேக்_த்ரெட் மட்டும் அனுப்பும் ஒரு வரி ஹேண்ட்லரை எழுதிக் கொடுத்தால் கெர்னல் நம்பிவிடும், சாதனத்தை மாஸ்க் செய்திருப்பார்கள் என்று. இந்த ஒரு வரி ஹேண்ட்லரைப் பார்த்தால் உடனே கொடிகளைப் பாருங்கள்.

பழைய எஸ்டிகேயிலிருந்து கொண்டுவந்த டிரைவர் என்றால் ஹேண்ட்லருக்கு மூன்றாவது ஆர்க்யுமென்ட் இருக்கும். அது 2006-இல் 2.6.19-இல் நீக்கப்பட்டது. அப்படி ஒன்றைப் பார்த்தால் கோட்டின் வயது தெரிந்துவிடும், மற்ற எல்லாவற்றையும் இரண்டு மடங்கு சந்தேகத்தோடு படிக்கலாம்.

கழற்றும் இடம், உண்மையான கண்ணிவெடிகள் இங்கேதான்

டிரைவர் ஏறும்போது நடக்கும் தப்பு முதல் நாளே தெரிந்துவிடும். இறங்கும்போது நடப்பது தெரியாது, ஏனென்றால் யாரும் இறக்கிப் பார்ப்பதில்லை. ரிவியூவில் நான் பாதி நேரத்தை ரிமூவ் ஃபங்ஷனிலும் புரோப்பின் பிழைப் பாதையிலும்தான் செலவிடுகிறேன்.

அடிக்கடி வரும் பேட்ச்: ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூவை டெவ்எம் வகைக்கு (எடுத்ததைக் கெர்னலே பிறகு தானாக விடுவிக்கும் வகைக்கு) மாற்றி, ரிமூவில் இருந்த ஃப்ரீ_ஐஆர்க்யூ வரியை நீக்குவது. கோட் இரண்டு வரி குறைகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு தம்பி எனக்கு அப்படி ஒன்றை அனுப்பியபோது, ‘அண்ணா, இது வெறும் டெவ்எம் மாற்றம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு நேரம்?’ என்று கேட்டான். ரிமூவ் ஃபங்ஷனைத் திறந்து காட்டினேன். அதில் பஃபரை கேஃப்ரீ செய்கிறான் (அதன் மெமரியை விடுவிக்கிறான்), கிளாக்கை நிறுத்துகிறான், ரிமூவ் முடிகிறது. டெவ்எம் தன் பொருள்களை விடுவிப்பது ரிமூவ் முடிந்த பிறகுதான். அப்படியானால் கேஃப்ரீக்கும் டெவ்எம் இன்டரப்ட்டை விடுவதற்கும் நடுவில் மணி அடித்தால்? ஹேண்ட்லர் உயிரோடு இருக்கிறது, அது தொடப்போகும் பஃபர் இல்லை, கிளாக் நின்ற ரெஜிஸ்டரைப் படித்தால் சில ஆர்ம் சிப்புகளில் பஸ்ஸே தொங்கிவிடும். ‘ஐயோ’ என்றான். பாதி டெவ்எம், பாதி கை வேலை என்று கலந்தாலே இந்த வரிசையை உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் டெவ்எம்முக்கு மாற்றினால், எடுத்த வரிசைக்கு நேர் தலைகீழாக விடுவிக்கும், அது சரி. இல்லையென்றால் ரிமூவில் முதல் வேலையாக இன்டரப்ட்டைக் கையாலேயே விடுவிக்க வேண்டும்.

வொர்க் க்யூ இருந்தால் வரிசை இன்னும் நுணுக்கம். கேன்சல்_வொர்க்_சிங்க் முதலில், ஃப்ரீ_ஐஆர்க்யூ பிறகு என்று இருந்தால், இரண்டுக்கும் நடுவில் வரும் இன்டரப்ட் வொர்க்கை மறுபடி வரிசையில் போட்டுவிடும், பிறகு அந்த வொர்க் செத்த மெமரியில் எழுந்து நடக்கும். ஆகவே சாதனத்தை மாஸ்க் செய், இன்டரப்ட்டை விடு, அப்புறம் வொர்க்கை ரத்து செய். அத்தோடு முடிந்ததா? அந்த வொர்க் தன் கடைசி வரியில் சாதனத்தின் இன்டரப்ட்டை மறுபடி திறக்கும் வகை என்றால் முடியவில்லை. ஹேண்ட்லர் போன பிறகு சாதனம் லைனை இழுத்துப் பிடிக்கும். பகிரப்பட்ட லைன் என்றால் கெர்னல் அதை மூட, பக்கத்து டிரைவர் காரணமே தெரியாமல் நிற்கும். நிறுத்துகிறோம் என்று ஒரு கொடியை வைத்து வொர்க் அதைப் பார்க்க வேண்டும், இல்லை ரத்து செய்த பிறகு இன்னொரு முறை மாஸ்க் செய்ய வேண்டும்.

ஃப்ரீ_ஐஆர்க்யூவும் டிசேபிள்_ஐஆர்க்யூவும் ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும் வரை காத்திருப்பவை. த்ரெட் ஹேண்ட்லர் எடுக்கும் மியூடெக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் நிரந்தரமாக நிற்பார்கள். ஹேண்ட்லருக்குள்ளிருந்தே தன் இன்டரப்ட்டுக்கு டிசேபிள்_ஐஆர்க்யூ போட்டால் தனக்காகத் தானே காத்திருக்கும். அங்கே நோசிங்க் வகைதான் போட வேண்டும். இந்த எழுத்து வித்தியாசத்தை டிஃப்பில் கண் எளிதாகத் தாண்டிவிடும்.

சஸ்பெண்ட் பற்றி ஒன்று மட்டும். லைன் பகிரப்பட்டது என்றால், நம் சாதனம் தூங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்துச் சாதனத்தின் இன்டரப்ட்டுக்காக நம் ஹேண்ட்லரையும் கூப்பிடுவார்கள். ரன்டைம் பிஎம் (சும்மா இருக்கும் சாதனத்தைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பு) சேர்க்கும் பேட்ச்சில் ஹேண்ட்லர் மாறவே இல்லை என்றால் அதுவே ஒரு சந்தேகம்: கிளாக் நின்றிருக்கும்போது அது ரெஜிஸ்டரைத் தொடாமல் யார் தடுக்கிறார்கள்?

என்ன டெஸ்ட் கேட்பது

லாக்டெப், அட்டாமிக் ஸ்லீப் சோதனை (தூங்கக் கூடாத இடத்தில் தூங்குவதைப் பிடிப்பது), கேசான் (தப்பான மெமரியைத் தொடுவதைப் பிடிப்பது) மூன்றையும் போட்ட கெர்னலில் ஓட்டியதா என்று கேளுங்கள். பகிரும் லைன் என்றால் டீபக்_ஷிர்க் ஆப்ஷனும் வேண்டும், அது ஃப்ரீ_ஐஆர்க்யூ செய்யும்போது வேண்டுமென்றே ஒரு போலி இன்டரப்ட்டைக் கொடுத்துப் பார்க்கும், மேலே சொன்ன ரிமூவ் தப்புகளில் பாதி அங்கேயே மாட்டும். பூட் வரியில் த்ரெட்ஐஆர்க்யூஸ் என்று கொடுத்தும் ஒரு முறை ஓட்டலாம். ரியல்டைம் கெர்னலில் கிட்டத்தட்ட எல்லா ஹேண்ட்லரும் அப்படித்தான் த்ரெட்டாக ஓடும், அதுவும் 2024-இல் 6.12-இலிருந்து மெயின்லைனிலேயே வந்துவிட்டது, ‘அது தனிப் பேட்ச், நமக்கு எதற்கு’ என்ற சாக்கு இனி செல்லாது. டிராஃபிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்யூலை இறக்கி ஏற்றும் ஒரு லூப், ராத்திரி முழுவதும்.

ஆனால் எனக்கு அதிகம் உதவியது கருவி எதுவும் இல்லை. ரேஸ் (யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும் தப்பு) இருக்கிறது என்று சந்தேகப்படும் இரண்டு வரிக்கு நடுவில் 50 மைக்ரோசெகண்ட் தாமதம் ஒன்றைச் செருகி ஓட்டிப் பார்ப்பது. சரியான கோட் என்றால் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். தப்பான கோட் என்றால் மாட்டிக்கொள்ளும். எங்கள் கார்டில் மூன்று நாளுக்கு ஒரு முறை வந்த நிறுத்தம், அந்தத் தாமதத்தைச் செருகியதும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வந்துவிட்டது.

ரிவியூ கமென்ட் எழுதும்போது ‘இங்கே ரேஸ் இருக்கலாம்’ என்று மட்டும் எழுதாதீர்கள், எழுதியவருக்கு அது எரிச்சலைத் தவிர எதையும் தராது. இரண்டு நெடுவரிசை போட்டு, இடப்பக்கம் சிபியூ, வலப்பக்கம் சாதனம் (அல்லது சிபியூ 0, சிபியூ 1), ஒவ்வொரு அடியையும் நடக்கும் வரிசையில் கீழே கீழே எழுதுங்கள். ஐந்தாறு வரிதான் வரும். எழுத முடியவில்லை என்றால் ரேஸ் இல்லாமலும் இருக்கலாம், அப்போது கமென்ட்டைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள்: ‘இந்த வரியில் இன்டரப்ட் வந்தால் எது காப்பாற்றுகிறது?’ அதற்கு வரும் பதில் சரியாக இருந்தால், அந்தப் பதிலையே கோட்டில் கமென்ட்டாகப் போடச் சொல்லிவிட்டு அப்ரூவ் செய்யுங்கள். எங்கள் ஹேண்ட்லரில் யாரும் மதிப்பைப் பயன்படுத்தாத அந்த ரெஜிஸ்டர் படிப்புக்கு மேல் இப்போது நாலு வரி கமென்ட் இருக்கிறது. போன வருடம் ஒருவர் அதை நீக்கி ஒரு பேட்ச் எழுதத் தொடங்கி, கமென்ட்டைப் படித்துவிட்டு அனுப்பாமலேயே விட்டுவிட்டதாகச் சொன்னார்.